கேளுங்கள், சொல்கிறேன்: கண் போனால் காது கூர்மையாகுமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. குளுக்கோமாவால் இரண்டு கண்ணிலும் பார்வை போய் எட்டு மாதம் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "கண்ணை எடுத்துக்கொண்ட கடவுள் காதைக் கூர்மையாக்கிவிடுவார்" என்கிறார்கள். அப்பாவோ இன்னும் கதவில் இடித்துக்கொண்டுதான் இருக்கிறார். எப்போதுதான் கூர்மையாகும்?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி)

பதில்: தானாக ஆகாதும்மா. ஆறுதலுக்குச் சொல்கிற அந்த வார்த்தையை அப்பாவும் நம்பிக் காத்திருந்தால், "எனக்கு மட்டும் ஏன் வரவில்லை" என்று மனம் நொந்துபோவார், அதனால்தான் பட்டென்று சொல்கிறேன்.

காது பழைய காதுதான். மாறுவது அதற்குப் பின்னால் இருக்கிற மூளை. பிடரிக்குச் சற்று மேலே, கண் அனுப்புவதை வாங்கிப் பிரித்துப் பார்க்கிற பகுதி ஒன்று இருக்கிறது. கண்ணிலிருந்து வரத்து நின்றுவிட்டால் அது சும்மா கிடப்பதில்லை, அக்கம்பக்கத்து வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறது. சிறு வயதிலேயே பார்வை போனவர்கள் பிரெய்ல் படிக்கும்போது அந்தப் பகுதி மும்முரமாக இயங்குவதை 1996-இல் ஸ்கேனில் பார்த்தார்கள். சரி, சும்மா கூடவே துடிக்கிறதோ என்னவோ என்று அடுத்த ஆண்டு காந்தத் துடிப்பால் அந்த இடத்தைக் கொஞ்சம் கலைத்துப் பார்த்தபோது, எழுத்துகளைத் தப்புத்தப்பாகப் படித்தார்கள். இன்னொரு சம்பவம் எனக்கு மறக்கவே மறக்காது: பிறவியிலேயே பார்வையில்லாத, பிரெய்லில் கைதேர்ந்த ஒரு பெண்மணிக்குப் பக்கவாதம் வந்து அந்தப் பகுதி இரண்டு பக்கமும் பழுதாகிவிட்டது. விரலில் புள்ளிகள் தட்டுப்படுகின்றன, ஆனால் அது என்ன எழுத்து என்று சொல்லத் தெரியவில்லை. அதாவது அவர் இத்தனை காலம் படித்தது விரலால் மட்டும் இல்லை.

அப்பாவுக்கு ஐம்பதுக்கு மேல் பார்வை போயிருக்கிறது. சிறு வயதில் போனவர்களுக்கு நடக்கிற அளவுக்கு இவருக்கு நடக்காது. அதற்காக மூளை இறுகிப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. நல்ல பார்வை உள்ளவர்களுக்கே ஐந்து நாள் கண்ணைக் கட்டி பிரெய்ல் கற்றுக்கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பார்வைப் பகுதி தொடுதலுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டது, கட்டை அவிழ்த்த ஒரே நாளில் பழையபடி ஆகியும்விட்டது!

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு "ஷ்ஷ்ஷ்" என்று நீளமாக இழுத்துக்கொண்டே ஒரு தட்டை முகத்துக்கு நேராகக் கொண்டுவாருங்கள். சத்தம் மாறும், எங்கே மாறுகிறது என்று உங்களுக்கே தெரியும். மூடிய கதவுக்கும் திறந்த கதவுக்கும் இதே வித்தியாசம்தான். முன்பெல்லாம் பார்வையற்றவர்கள் சுவர் நெருங்குவதை முகத்துத் தோலால் உணர்கிறார்கள் என்றே நினைத்தார்கள். 1940-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் காதை அடைத்து நடக்கவிட்டபோதுதான், நேராகப் போய்ச் சுவரில் முட்டினார்கள், எல்லாம் எதிரொலியின் வேலை என்று தெரிந்தது. பதிமூன்று மாதக் குழந்தையாக இருந்தபோதே புற்றுநோயால் இரு கண்களையும் இழந்த டேனியல் கிஷ் என்ற அமெரிக்கர் நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கி சைக்கிளே ஓட்டுகிறார். 2021-இல் வெளியான ஆய்வொன்றில் 21 முதல் 79 வயது வரை உள்ளவர்கள் பத்தே வாரப் பயிற்சியில் இந்தச் சொடுக்கைக் கற்றுக்கொண்டார்கள், வயது பெரிய தடையாக இல்லை. அதனால் வெண்கோல் பயிற்சியை முதலில் தொடங்குங்கள், சொடுக்கு அப்புறம். கதவை முழுக்கத் திறந்து வையுங்கள் அல்லது முழுக்கச் சாத்துங்கள். பாதி திறந்த கதவின் விளிம்பு காதுக்கு எளிதில் அகப்படாது, நெற்றியில்தான் அகப்படும்.

கேள்வி: இன்னொன்று, சொல்லவே பயமாக இருக்கிறது. எதிரே யாரோ தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்கிறார். புத்தி பேதலிக்கிறதா? (அதே வாசகி)

பதில்: பெரும்பாலும் இல்லை. கண்ணிலிருந்து ஒன்றும் வராதபோது மூளை தானே படம் போட்டுக்கொள்ளும். சார்லஸ் போனே என்ற சுவிஸ் அறிஞர் 1760-இல் தன் தாத்தாவுக்கு இப்படி மனிதர்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிந்ததை எழுதிவைத்தார். அவர் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள். தாத்தாவுக்கு அதெல்லாம் நிஜமில்லை என்று நன்றாகத் தெரியும். அப்பாவும் அப்படிச் சொல்கிறாரா என்று கேளுங்கள். எப்படியும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நிஜம் என்று நம்பினாலோ, குரல் கேட்கிறது என்றாலோ தாமதிக்க வேண்டாம். அவராக இதை வெளியே சொன்னாரே, அதுவே பெரிய விஷயம், பைத்தியம் என்பார்களோ என்று பயந்து மறைப்பவர்கள் அதிகம்.

கேள்வி: வருகிறவர்கள் எல்லாம் அவரிடம் கத்திக் கத்திப் பேசுகிறார்கள். என்ன செய்ய? (மூன்றாவதும் அவரே)

பதில்: "அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள். உள்ளே வந்ததும் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசச் சொல்லுங்கள், கிளம்பும்போதும் சொல்லிவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். காலி நாற்காலியோடு அவர் பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.