நானோ ரோபோன்னா என்ன, அது எப்படி வேலை செய்யுது?

நானோ ரோபோன்னா குறிப்பிட்ட ஒரு வேலைய செய்யுற மாதிரி வடிவமைச்ச ரொம்ப ரொம்ப குட்டி மெஷின், அவ்ளோதான். ஒரு மீட்டர்ல 100 கோடியில ஒரு பங்குதான் நானோமீட்டர், நம்ம ரத்த சிவப்பணுவே சுமார் 7000 நானோமீட்டர் அகலம், நானோ ரோபோ அதைவிட பல மடங்கு சின்னது. இத ஓட்டுறது ஏன் கஷ்டம்னா அந்த சைஸ்ல தண்ணியே வேற மாதிரி ஆயிடும், நாம தேன் தொட்டிக்குள்ள நீச்சலடிச்சா கைய நிறுத்துன உடனே அப்படியே நின்னுடுவோம்ல அதே நிலைமைதான், போதாததுக்கு தண்ணி மூலக்கூறுங்க வேற விடாம இடிச்சுக்கிட்டே இருக்கும். பேட்டரி வைக்கவும் இடமில்ல, அதனால வெளியில இருந்து காந்தப்புலத்தால நகத்துறாங்க, இல்லன்னா சுத்தியிருக்க ரசாயனத்தையே எரிபொருளா ஆக்குறாங்க.

எனக்கு ரொம்ப நம்பிக்கை தர்றது 2018ல வந்த ஆய்வு: டிஎன்ஏவ குழாய் மாதிரி சுருட்டி உள்ள த்ராம்பின்ங்கற ரத்தத்த உறைய வைக்கிற புரதத்த வச்சு எலிக்கு செலுத்துனாங்க, கேன்சர் கட்டியோட ரத்தக்குழாய் வந்ததும் அது திறந்து அங்க மட்டும் ரத்தத்த உறைய வச்சு கட்டிக்குப் போற சப்ளைய நிறுத்திடுச்சு. தொழில்துறையில கழிவுநீர்ல இருக்க நச்ச பிடிச்சு எடுக்க முயற்சி நடக்குது, ஆனா பெரும்பாலும் லேப் அளவுலதான்.

நிறைய பேர் இது சிப், கேமரா எல்லாம் வச்சு தானா யோசிச்சு உடம்புக்குள்ள பெருகிடும்னு பயப்படுறாங்க, அப்படி இல்ல, இப்ப இருக்கறது பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வேலை மட்டும் செய்யத் தெரிஞ்ச டிஎன்ஏ அமைப்புகளும் உலோகத் துகள்களும்தான்.