பச்சைத் தண்ணீரில் சவரம் செய்தால் எரிச்சல் குறையுமா?

பாதி குறையும். மீதிப் பாதிக்குத் தண்ணீரை மாற்றிப் பயனில்லை.

கேள்வியில் இரண்டு தொல்லைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். வெந்நீரில் சவரம் செய்த கையோடு கன்னம் சிவந்து காந்துகிறது. இரண்டு நாள் கழித்துத் தொண்டைப் பக்கம் சிறு சிறு கட்டி கிளம்புகிறது. முதலாவதைப் பச்சைத் தண்ணீர் நன்றாகவே தணிக்கும். இரண்டாவது, பிளேடு போகிற திசையால் வருவது. திருநெல்வேலி மாவட்டத்தில் திசையன்விளைப் பக்கம் வீடு, போர் தண்ணீர்தான் என்றும் எழுதியிருப்பதால் மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: உப்பு.

முதலில் சூடு. வெந்நீர் தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைத்துக்கொண்டு போய்விடும். நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து, பிளேடு படுவதற்கு முன்பே முகம் சிவந்திருக்கும். பச்சைத் தண்ணீரில் அந்தக் குழாய்கள் சுருங்குவதால் சிவப்பு அடங்கும், கீறினாலும் ரத்தம் குறைவாக வரும், நுரையும் சீக்கிரம் காயாது. வெந்நீருக்கு உள்ள ஒரே பெருமை முடியைச் சட்டென்று ஊற வைப்பதுதான். காய்ந்த முடி கம்பி மாதிரி நிற்கும். ஊறிய முடியை வெட்ட அதைவிட வெகு குறைந்த விசை போதும். பச்சைத் தண்ணீரிலும் முடி ஊறும், இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்காதவர்கள்தான் "பச்சத்தண்ணில இழுக்கு" என்பார்கள்.

இதில் நம் ஊர் வழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. சவரம் செய்துவிட்டுத்தான் குளிப்போம். அதாவது முடி நன்றாக ஊறியிருக்கும் நேரத்தை விட்டுவிட்டு, காய்ந்திருக்கும் நேரத்தில் பிளேடு வைக்கிறோம். குளித்துவிட்டுச் சவரம் செய்ய முடிந்தால் பாதி வேலை முடிந்தது. வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றால், முகத்தை முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய் கிருதா வரை இறங்கியிருக்கும். எண்ணெய் இருக்கும்வரை தண்ணீர் முடிக்குள் எளிதில் போகாது. பிறகு ஈரிழைத் துண்டை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கன்னம், தாடை, தொண்டை மூடும்படி மூன்று நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒருமுறை மறுபடி நனைத்துக்கொள்ளலாம்.

அடுத்து உப்பு. தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டில் இந்தப் பேச்சே தேவையில்லை, தொட்டாலே நுரைக்கும். ராதாபுரம், திசையன்விளை, உவரி என்று கடலை நெருங்க நெருங்கப் பல போர்களில் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாக வெள்ளைப் படிவாகிவிடும். நுரை எழும்பாது, எழும்பினாலும் நாலு இழுப்புக்குள் அமிழ்ந்துவிடும். பிளேடு அதற்குப் பிறகு வெறும் தோலில்தான் ஓடுகிறது. கழுவிய பின்னும் அந்தப் படிவு முகத்தில் தங்கிக் காய்ந்து அரிக்கும். இதைத்தான் பலர் பிளேடு சரியில்லை என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

சோதித்துப் பார்க்க, ஒரு பாட்டிலில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, குளியல் சோப்பை நகத்தால் சுரண்டி நாலு துணுக்கு போட்டுப் பத்து தடவை குலுக்குங்கள். மேலே நுரை நின்று, அடியில் தண்ணீர் தெளிந்திருந்தால் நல்ல தண்ணீர். நுரை நிற்காமல், திரிந்த பால் மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதந்தால் சவரத்துக்கு ஆகாது. இந்தியக் குடிநீர்த் தரத்தில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்றிருக்கிறது. 600ஐத் தொடும் தண்ணீரில் சோப்பு படும் பாட்டை அந்தப் பாட்டிலிலேயே பார்க்கலாம். கொதிக்கவைத்து ஆற்றினால் கடினத்தன்மையில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். உப்புக் கரிப்பு போகாது. குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் நுரைக்க ஒரு டம்ளர், கடைசியில் முகம் கழுவ அரை லிட்டர் எடுத்துக்கொண்டால் போதும். பிளேடு அலச போர் தண்ணீரே இருக்கட்டும்.

சித்திரை, வைகாசியில் இன்னொரு வேடிக்கை. மத்தியானம் குழாயைத் திறந்தால் மாடி டேங்கிலிருந்து வருவதே வெந்நீர்தான். முந்தைய இரவு மண்பானையில் ஊற்றி வைத்தது போதுமான குளிர்ச்சி. காருகுறிச்சிப் பானை கிடைத்தால் இன்னும் நல்லது. ஐஸ் தண்ணீர் வேண்டாம். முகம் மரத்துப்போய், எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது.

சோப்புக் கட்டி பச்சைத் தண்ணீரில் மெதுவாகக் கரையும், க்ரீம் எளிது. பட்டாணி அளவு எடுத்து, நனைத்து உதறிய பிரஷ்ஷால் ஒரு நிமிடம் வட்டமாகத் தேய்த்து, இன்னொரு நிமிடம் அப்படியே விடுங்கள். ரேசரைக் கனமில்லாமல் பிடித்து, ஓர் அங்குல நீளத்துக்கு மேல் இழுக்காமல், இரண்டு இழுப்புக்கு ஒருமுறை அலசுங்கள். வாஷ்பேசின் விளிம்பில் தட்டாதீர்கள், முனை மழுங்கும்.

இப்போது தொண்டையில் கிளம்பும் அந்தக் கட்டி. சுருள் முடியை எதிர்த்து மழித்தாலோ, மூன்று, ஐந்து பிளேடு வைத்த ரேசர் முடியைத் தூக்கி வெட்டினாலோ, வெட்டிய முனை தோலுக்கு உள்ளே போய்விடும். அது வளரும்போது வெளியே வர வழியில்லாமல் வளைந்து தோலையே குத்தும். கட்டி கிளம்புவது அதனால்தான். எந்தத் தண்ணீரும் இதைத் தடுக்காது. இரண்டு நாள் முடி இருக்கும்போது தொண்டையை விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும் திசை முடியின் போக்கு, சொரசொரப்பது எதிர்த்திசை. தாடைக்குக் கீழே முடி பெரும்பாலும் கீழ்நோக்கிச் சாயும். கழுத்து எலும்பை நெருங்கும்போது பலருக்கு மேல்நோக்கித் திரும்பும், சிலருக்குப் பக்கவாட்டில் சுழியும். அந்தந்த இடத்தில் அந்தந்தப் போக்கில், தோலை இழுத்துப் பிடிக்காமல், ஒரே ஓட்டு. தடவினால் கொஞ்சம் சொரசொரக்கத்தான் செய்யும். மொழுமொழு என்று வேண்டுமென்றால் கட்டியும் கூடவே வரும்.

சலூனுக்குப் போனாலும் உட்காரும்போதே சொல்லிவிடலாம்: "அண்ணாச்சி, ஒரு ஓட்டு போதும், எதிர்த்து இழுக்க வேண்டாம்." புது பிளேடு போடுவதைக் கண்ணால் பாருங்கள். எல்லார் முகத்திலும் ஓடிய படிகாரக் கல்லை வேண்டாம் என்று சொல்வதில் கூச்சமே வேண்டாம்.

வீட்டில் சொந்தக் கல் இருந்தால், பச்சைத் தண்ணீரில் கழுவிய முகத்தில் நனைத்து ஒரே தடவை தடவி, அரை நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். எந்த இடத்தில் சுரீர் என்கிறதோ அங்கே அழுத்தி இழுத்திருக்கிறீர்கள். பிறகு துடைக்காமல் ஒற்றியெடுத்து, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம். சோற்றுக்கற்றாழை வைப்பவர்கள், மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டுக் கழுவிய பிறகே சோற்றை எடுக்க வேண்டும். அந்தப் பாலே அரிப்பைக் கிளப்பும். ஆல்கஹால் கலந்த லோஷனும் எலுமிச்சையும் வேண்டாம்.

வெயில் காலத்தில் ராத்திரி சவரம் செய்வது மேல். காலையில் செய்து உடனே ஹெல்மெட் மாட்டினால் வார் உரசும் இடத்தில் வியர்வையும் சேர்ந்து புண்ணாகும். கட்டி ஏற்கெனவே இருந்தால் மூன்று, நான்கு வாரம் பிளேடை விட்டுவிட்டு ட்ரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். சீழ் வைத்தாலோ, ஆறிய இடம் தடித்துக் கறுத்தாலோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குப் போய்க் காட்டிவிடுங்கள்.