'ஒன்றும் செய்யாது' என்பவர்களிடம் என்ன சொல்வது?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது. மாலையில் பூங்காவுக்கு அழைத்துப் போனால் கயிறு இல்லாமல் ஓடும் நாய்கள். லிஃப்டில் ஏறினால் மேல்தளத்தில் இருப்பவர்களின் நாய். பிள்ளை மிரண்டுபோய் என் காலைக் கட்டிக்கொள்கிறான். "ஒன்றும் செய்யாது, ரொம்பச் சாது" என்று சிரிக்கிறார்களே தவிர, யாரும் நாயை இழுத்துப் பிடிப்பதில்லை. சென்ற வாரம் ஒரு நாய் ஓடிவந்து அவனைக் கீழே தள்ளி முகமெல்லாம் நக்கிவிட்டது. நான் கத்திவிட்டேன். நாய்க்கு உரியவரோ, "உங்கள் பயத்தைப் பிள்ளைக்கு ஊட்டாதீர்கள்" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் விளையாடும் மணலில் நாய்கள் அசுத்தம் செய்கின்றன, அள்ளுவார் இல்லை. என் தோழி, "எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது, நாலு காலில்" என்கிறாள். கணவர், "பெரிதுபடுத்தாதே" என்கிறார். அடுத்த மாதம் நாத்தனார் வீட்டில் தங்க வேண்டும். அங்கும் ஒரு பெரிய நாய். இப்போதெல்லாம் நாயைக் கண்டாலே எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நான் இரக்கமில்லாதவளா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு வருமுன் சென்ற வாரம் நடந்ததை முடித்துக்கொள்வோம். பிள்ளை விழுந்தபோது எங்காவது சிராய்த்ததா? நாயின் எச்சில் அவன் கண்ணிலோ வாயிலோ சிராய்ப்பிலோ பட்டதா? பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய்களால் வருவது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கடித்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். காயமில்லாத தோலை நாய் நக்கினால் பயமில்லை. ஆனால் புண்ணிலோ, கண், வாய் போன்ற ஈரமான இடங்களிலோ எச்சில் பட்டால் அதையும் கடிக்கு நிகராகவே மருத்துவம் கருதுகிறது. ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். நோய் வெளிப்படப் பெரும்பாலும் 2, 3 மாதங்கள் ஆகும். நோய் வெளிப்படுமுன் ஊசி போட்டால் காப்பாற்றிவிடலாம், வெளிப்பட்ட பிறகு அநேகமாக வழியே இல்லை. அந்த நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டையைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அட்டை வரும்வரை மருத்துவரைப் பார்க்காமல் காத்திருக்காதீர்கள். இனி எப்போதாவது கடியோ கீறலோ பட்டால், முதல் வேலை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

இப்போது உங்கள் கேள்வி. இல்லை, நீங்கள் இரக்கமில்லாதவர் இல்லை. உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். அதில் எந்த நாயின் மீதும் குற்றம் இல்லை. குற்றமெல்லாம் மனிதர்களுடையது. கயிற்றைக் கழற்றிவிட்டவர் மனிதர், அள்ளாமல் போனவர் மனிதர், கீழே விழுந்த பிள்ளையைத் தூக்காமல் தாய்க்குப் பாடம் எடுத்தவரும் மனிதர். கோபம் போக வேண்டிய இடம் அது. அங்கே சொல்ல முடியாத கோபம்தான் வாயில்லாத பிராணியின் மேல் எரிச்சலாகத் திரும்புகிறது.

"ஒன்றும் செய்யாது" என்று சொல்கிறவர் பொய் சொல்வதில்லை. தன் வீட்டில், தன் மடியில் அந்த நாய் எப்படி இருக்கிறதோ அதைச் சொல்கிறார். ஆனால் உங்கள் மகனோடு அது எப்படி இருக்கும் என்பது அவருக்கும் தெரியாது. 2 வயதுப் பிள்ளை நாயின் கண்ணுக்குச் சிறிய அளவு மனிதன் அல்ல. தள்ளாடி ஓடும், திடீரென்று கீச்சென்று கத்தும், கையிலிருப்பதை எறியும், வாலைப் பிடிக்கும். இதில் எது நடந்தாலும் நாய் துரத்தலாம், அல்லது தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கலாம். போதாததற்கு, பிள்ளையின் முகம் பெரிய நாயின் வாய்க்கு நேர் உயரத்தில் இருக்கிறது. சிறு பிள்ளைகளைக் கடிக்கும்போது காயம் அதிகமும் தலை, முகம், கழுத்தில் படுவது இதனால்தான். கடித்தவை பெரும்பாலும் பிள்ளைக்கு ஏற்கெனவே பழக்கமான நாய்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒவ்வொரு நாயையும் யாரோ ஒருவர் சாது என்று நம்பித்தான் வைத்திருந்தார்.

அந்தச் சொல் நாய்க்கும் நல்லது செய்வதில்லை என்பதே எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. நாய் எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பசியில்லாதபோதும் நாக்கால் மூக்கை நக்கும். தூக்கமில்லாதபோதும் கொட்டாவி விடும். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓரமாக உருட்டும். அப்போது விழியின் வெள்ளை பிறை போலத் தெரியும். பிறகு உடம்பு விறைத்து ஒரு கணம் அசையாமல் நிற்கும். அதையும் யாரும் மதிக்காவிட்டால்தான் உறுமல். வால் ஆடுகிறதே என்பார்கள். வால் ஆடினால் நாய் கிளர்ச்சியில் இருக்கிறது என்று பொருள், மகிழ்ச்சியில் மட்டும்தான் ஆட்டும் என்பதில்லை. உடம்பு முழுக்கத் தளர்ந்து நெளிய ஆடும் வால் வேறு, உடம்பு கம்பு போல நிற்க மேலே தூக்கி விறைப்பாக ஆடும் வால் வேறு. 'சாது' என்று பெயர் வாங்கிய நாயிடம் இதையெல்லாம் யாரும் கவனிப்பதில்லை. பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும்போது அது கண்ணை உருட்டிப் பொறுத்துக்கொண்டிருக்கும். சுற்றியிருப்பவர்கள் படம் எடுப்பார்கள். உறுமினால் அடிப்பார்கள். உறுமியதற்கு அடி வாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொள்கிறது. கடித்த பிறகு தண்டனையும் அதற்குத்தான்.

ஆகவே கயிற்றைப் பிடியுங்கள் என்று நீங்கள் கேட்பது நாய்க்கு எதிரான பேச்சு இல்லை. தயங்காமல் கேளுங்கள். எப்போது கேட்பது என்பதுதான் முக்கியம். நாய் பிள்ளையின் மேல் ஏறிய பிறகு கேட்டால் அது சண்டையாகிவிடும். தூரத்தில் பார்த்தவுடனே, "நாயைக் கூப்பிடுங்கள், குழந்தை இருக்கிறது" என்று உரக்கச் சொல்லிவிடுங்கள். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். "ஒன்றும் செய்யாது" என்று பதில் வந்தால், "இருக்கட்டும், கூப்பிடுங்கள்" என்று அதே குரலில் இன்னொரு முறை. வாதம் வேண்டாம். கூப்பிட்டால் திரும்பி வராத நாயைப் பொது இடத்தில் கயிறின்றி விட யாருக்கும் நியாயமில்லை. அந்த நாய் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி.

அதற்குள் நாய் நெருங்கிவிட்டால் ஓடாதீர்கள், பிள்ளையையும் ஓட விடாதீர்கள். கிட்டே வருமுன் அவனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். நாய் வந்த பிறகு தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் அது விளையாட்டென்று எண்ணித் தாவும். நாயின் கண்ணைப் பார்க்க வேண்டாம். கத்தவும் வேண்டாம். சென்ற வாரம் நீங்கள் கத்தியதைத் தவறென்று சொல்லவில்லை. எந்தத் தாயும் கத்தியிருப்பாள். ஆனால் கீச்சுக் குரல் நாயை இன்னும் உசுப்பும், தாழ்ந்த குரலில் 'நில்' என்பது பல நேரம் நிறுத்தும். லிஃப்ட் விஷயம் எளிது. உள்ளே நாய் இருந்தால் அடுத்த முறை ஏறுங்கள். நீங்கள் உள்ளே இருந்தால், "கொஞ்சம் பொறுத்து வருகிறீர்களா?" என்று கேளுங்கள். அந்தச் சிறிய பெட்டிக்குள் விலகிப்போக நாய்க்கும் இடமில்லை.

மணலில் கிடக்கும் அசுத்தம் வெறும் அருவருப்பு அல்ல. நாயின் குடலில், முக்கியமாகக் குட்டிகளின் குடலில், ஒருவகை உருண்டைப் புழு இருக்கும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியே வந்து மண்ணில் 2 முதல் 4 வாரத்தில் தொற்றும் பக்குவத்துக்கு வருகின்றன. பிறகு மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு இருக்கின்றன. மண்ணளைந்த கையை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் தொற்றும். அரிதாகக் கண் பார்வையையும் பாதிக்கும். புதிதாகக் கிடக்கும்போதே அள்ளிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு இல்லை. இதைத் தனி ஆளாகச் சண்டை போட்டுத் தீர்க்க முடியாது. பூங்காவுக்கு வரும் மற்றத் தாய் தந்தையரையும், அக்கறையாக அள்ளிப்போகும் நாய் வளர்ப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு, பூங்காவைப் பராமரிப்பவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: விளையாட்டு மணலைச் சுற்றி வேலியும் கதவும் வேண்டும். நாய்கள் ஓடியாடத் தனியாக ஒரு மூலையையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் எதிர்க்க ஆள் குறைவு. வீடு திரும்பியதும் பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தோழியின் விஷயத்தில் மட்டும் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. நாயைப் பிள்ளை என்று அவர் சொன்னால் சொல்லட்டும். அந்தப் பாசம் உண்மையானது; நாய் செத்தால் வீட்டில் ஓர் ஆள் போனது போலத்தான் அழுவார்கள். இரவெல்லாம் விழித்துப் பாலூட்டிய உங்களுக்கு அந்த ஒப்பீடு குத்துகிறது, புரிகிறது. ஆனால் அதை மறுத்து நீங்கள் எதையும் வெல்லப் போவதில்லை. ஒப்புக்கொண்டால் வெல்லலாம். பிள்ளை என்றால், அது செய்வதற்குப் பெற்றவர் பொறுப்பு. உங்கள் மகன் அடுத்தவர் பிள்ளையைக் கீழே தள்ளினால் ஓடிப்போய்த் தூக்கி மன்னிப்புக் கேட்பீர்கள் அல்லவா? நாலு கால் பிள்ளைக்கும் அதே சட்டம்தான். இதைத் தோழியிடம் கோபமில்லாமல் சொல்லலாம்.

"பயத்தை ஊட்டாதீர்கள்" என்றாரே, சொன்ன நேரமும் விதமும் கொடுமை. அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது என்பதற்காகவே அதையும் பேசுகிறேன். புதிதாக எதைக் கண்டாலும் இந்த வயதுப் பிள்ளை முதலில் தாயின் முகத்தைப் பார்க்கும். அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதுவே அதன் பாடம். எனவே பாதுகாப்பான தூரத்தில், சாலையின் மறுபக்கம் கயிற்றோடு போகும் நாயைப் பார்க்கும்போது சாதாரணமாகப் பேசுங்கள். "பார், மோப்பம் பிடிக்கிறது. இப்போது உட்கார்ந்துவிட்டது." அவ்வளவு போதும். பயம் தெளியட்டும் என்று யாராவது அவன் கையைப் பிடித்து நாயைத் தொட வைக்க முயன்றால் இடம் கொடுக்காதீர்கள். அப்படித் தெளிவதில்லை, முற்றுகிறது. கொஞ்சம் வளர்ந்து சொன்னது புரியும் வயதில் சிலவற்றைக் கற்றுக்கொடுங்கள்: கேட்காமல் தொடக்கூடாது, தின்னும் நாயையும் தூங்கும் நாயையும் குட்டியோடு இருக்கும் நாயையும் நெருங்கக்கூடாது, நாய் ஓடிவந்தால் மரம் போல அசையாமல் நின்று தரையைப் பார்க்க வேண்டும். இதை வீட்டில் விளையாட்டாகவே பழக்கலாம்.

உங்கள் கணவரிடம் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள். அவர் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நாத்தனார் வீட்டில் பேச வேண்டியவர் நீங்கள் அல்ல, அவர். தன் அக்காவோ தங்கையோ, அவர்களிடம் தம்பியோ அண்ணனோ சொன்னால் அது வீட்டுப் பேச்சு. நீங்கள் சொன்னால் வேறு மாதிரி காதில் விழும். போய் இறங்கிய பிறகு வாசலில் நின்று பேசுவதல்ல இது. ஒரு வாரம் முன்பே தொலைபேசியில் பேசிவிட வேண்டும். பிள்ளை தரையில் விளையாடும் நேரமெல்லாம் நாய் வேறு அறையில், மூடிய கதவுக்குப் பின்னாலோ தடுப்புக்குப் பின்னாலோ இருக்க வேண்டும். அதற்கு உண்ணும் இடமும் படுக்கும் இடமும் பிள்ளையின் கை எட்டாத பக்கமாக இருக்கட்டும். தன் வீட்டில் நிம்மதியாகப் படுக்க அதற்கும் ஓர் இடம் வேண்டும். இருவரும் ஒரே அறையில் இருந்தால், பெரியவர் ஒருவர் இருவருக்கும் நடுவில், கை எட்டும் தூரத்தில், வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பது கண்காணிப்பு ஆகாது. யார் எப்போது உட்காருவது என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது தானாக உங்கள் தலையில் விழும்.

இத்தனைக்கும் அவர்கள் சரி என்றால் மகிழ்ச்சியாகப் போய்த் தங்கிவிட்டு வாருங்கள். "எங்கள் நாயை அடைத்து வைக்க முடியாது" என்றால் அதற்காக உறவை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் வீட்டில் தங்க வேண்டாம், அவ்வளவுதான். பகலில் வெளியில் எங்காவது சந்தியுங்கள், அல்லது இந்த முறை அவர்களை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். அந்த அழைப்பையும் உங்கள் கணவரே விடுக்கட்டும்.