மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் ஏன், எப்படிப் புரதங்களை அனுப்புகிறது?

புரத ஏற்றுமதி என்றால், ஒட்டுண்ணி தான் செய்த புரதங்களைத் தன் உடலைத் தாண்டி, குடியிருக்கும் சிவப்பணுவுக்குள் அனுப்புவது.

சிவப்பணு கிட்டத்தட்ட ஒரு காலி வீடு. உட்கரு இல்லை, புதுப் புரதம் செய்யும் வசதியும் இல்லை. சாவி மட்டும் கைக்கு வந்த புது வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: விளக்கு, அலமாரி எல்லாம் நாம்தான் மாட்ட வேண்டும். ஒட்டுண்ணியும் அப்படித்தான், தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே செய்து அனுப்புகிறது.

சிக்கல் என்னவென்றால், ஒட்டுண்ணி ஒரு சவ்வுப் பைக்குள் இருக்கிறது. சுருண்டு மடிந்த புரதம் அந்தச் சவ்வைத் தாண்டாது. தேக்கா சந்தையில் மாலை கோப்பவரைக் கேளுங்கள்: நூற்கண்டு ஊசிக்காதில் நுழையுமா? இழையாகப் பிரித்தால் நுழையும். 2009இல் கண்டறிந்த ‘பிடெக்ஸ்’ என்ற வாயில் செய்வதும் அதுதான். ஹெச்எஸ்பி101 என்ற புரதம் சுருளைப் பிரித்து, சவ்வில் உள்ள துளை வழியே இழையாகத் தள்ளுகிறது.

அப்புறம்தான் வேடிக்கை. ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி வகையில், வெளியே போன புரதங்கள் சிவப்பணுவின் மேற்பரப்பில் குட்டிக் குட்டிப் புடைப்புகளை எழுப்பும். அவற்றின் மேல் உள்ள ஒட்டும் புரதம் ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். சிவப்பணு மண்ணீரலுக்குப் போனால் அங்கே வடிகட்டி அழித்துவிடும் அல்லவா, அதிலிருந்து தப்பிக்க இந்தத் தந்திரம். மூளையின் நுண்குழாய்களில் இப்படி ஒட்டினால் உயிருக்கே ஆபத்து.

சிங்கப்பூர் 1982இலேயே மலேரியா ஒழிந்த நாடாகிவிட்டதால் நமக்கு டெங்கிதான் பழக்கம். அந்த வைரஸைப் போல மலேரியாவும் உயிரணுவின் புரதம் செய்யும் இயந்திரங்களைப் பிடுங்கிக்கொள்வதாகப் பலர் நினைக்கிறார்கள், ஆனால் சிவப்பணுவில் பிடுங்குவதற்கு அப்படி எதுவும் இல்லை.