குக்கருக்கு ஆடுற போக்கர்: கேள்வி பதில்

கோ.புதூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை நாலு மேசை போடுறோம். 32 பேர், டெக்ஸஸ் ஹோல்டெம், அதாவது ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில, எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு நடுவுல வச்சு ஆடுற போக்கர். நுழைவுக் கட்டணம் கிடையாது, காசு பேச்சே கிடையாது, சில்லு மட்டும்தான். கடைசி வரைக்கும் தாக்குப்பிடிக்கிற அஞ்சு பேருக்குப் பரிசு உண்டு. முதல் பரிசு அஞ்சு லிட்டர் குக்கர். போன தடவை தோத்துப் போனவங்க கேள்வியா அனுப்பித் தள்ளிட்டாங்க. தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

செல்லூரிலிருந்து ஒருவர்: அண்ணே, முதல் அரை மணி நேரத்துல மேசையிலயே அதிக சில்லு என்கிட்டதான் இருந்துச்சு. ஆனா 14-வது ஆளா வெளியேறிட்டேன். எங்க தப்பு?

முதல் அரை மணி நேரத்துச் சில்லை எண்ணுனதுதான் தப்பு, தம்பி. 20,000 சில்லுன்னு சொன்னா அதுல ஒரு அர்த்தமும் இல்ல. பிக் பிளைண்ட், அதாவது சீட்டைப் பாக்குறதுக்கு முன்னாடியே முறை வச்சு ஒருத்தர் போட வேண்டிய கட்டாயப் பந்தயம், 200-ஆ இருந்தப்போ அது 100 பிளைண்ட். 2,000 ஆனதும் அதே 20,000 வெறும் 10 பிளைண்ட். சில்லு குறையவே இல்ல, ஆனா நீ ஏழை ஆயிட்ட. ஒவ்வொரு தடவை பிளைண்ட் ஏறும்போதும் மனசுக்குள்ள ஒரு வகுத்தல் போடு. சீட்டைப் பாக்குறதுக்கு முன்னாடி இதைப் பாரு. நான் சொல்ற மத்த எல்லாமே இந்த ஒரு கணக்குக்குள்ளதான் அடங்கும்.

திருமங்கலம், கல்லூரி மாணவர்: சரி, 10 பிளைண்ட் ஆயிடுச்சு. நல்ல சீட்டு வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா?

காத்திருந்தா கரைஞ்சிருவ. பிக் பிளைண்ட்காரருக்கு முந்தின ஆள் போடுற ஸ்மால் பிளைண்ட் பாதி, பிக் பிளைண்ட் ஒண்ணு, நம்ம மாடியில பிக் பிளைண்ட்காரர் மொத்த மேசைக்கும் சேத்து வைக்கிற ஆன்ட்டிங்கிற கூடுதல் பந்தயம் ஒண்ணு. ஆக ஒரு சுத்துக்கு உன் கையிலருந்து 2.5 பிளைண்ட் போகுது. நாலே சுத்துதான் உனக்கு ஆயுசு. அதே கணக்கைத் திருப்பிப் பாரு: ஒரு தடவை ஆல்-இன் (மொத்தச் சில்லும் பந்தயம்) சொல்லி, மத்த எல்லாரும் சீட்டை மடிச்சு விலகிட்டா, சீட்டே காட்டாம அந்த 2.5 உனக்கு வருது. உன் சொத்து கால்வாசி ஏறுது.

அதனால 10-க்குக் கீழ போயிட்டா சின்னச் சின்னதா ரெய்ஸ் போட்டு, அதாவது பந்தயத்தை ஏத்தி, வேடிக்கை பாக்காத. ஒண்ணு மடி, இல்லாட்டி மொத்தத்தையும் தள்ளு. பட்டன்ல, அதாவது பிளைண்ட் போட்ட ரெண்டு பேருக்கு நேர் முன்னாடி பேசுற எடத்துல உக்காந்து 8 பிளைண்ட் வச்சிருக்க, முன்னாடி உள்ள எல்லாரும் மடிச்சிட்டாங்கன்னா, எந்த ஜோடி வந்தாலும், எந்த ஏஸ் வந்தாலும் தள்ளலாம். முதல் ஆளா பேசுற எடத்துல இது ஆகாது, பின்னாடி ஏழு பேர் இருக்காங்க.

ஒண்ணு மட்டும் செய்யாத: 3 பிளைண்ட் வரைக்கும் கரைய விட்டுட்டுத் தள்ளுறது. அப்ப பிக் பிளைண்ட்காரர் இன்னும் 2 போட்டா, உன் 3-ம் அந்த 2.5-ம் சேந்த 5.5-ஐ ஜெயிக்கலாம். அவரு போடுற 2-ஐயும் சேத்தா நடுவுல மொத்தம் 7.5. 27 சதவீதம் வாய்ப்பு இருந்தாலே அவருக்குக் கட்டுபடி. கண்ணை மூடிக்கிட்டுக் கால் பண்ணுவாரு, அதாவது உன் பந்தயத்துக்குச் சமமாப் போட்டுருவாரு. பயமுறுத்துற சக்தி போனதுக்கப்புறம் ஆல்-இன் சொல்லி என்ன புண்ணியம்?

மேலூரிலிருந்து ஒரு அக்கா: எனக்கு ஏஸ் ஜோடியே வந்துச்சு, அப்படியும் தோத்தேன். ராசி இல்லையா?

ராசியெல்லாம் இல்லக்கா, பெருக்கல்தான். 80 சதவீதம் ஜெயிக்கிற நிலையில அஞ்சு தடவை ஆல்-இன் போறீங்கன்னு வைங்க. அஞ்சும் ஜெயிக்க வாய்ப்பு 33 சதவீதம்தான். நீங்க செஞ்சது சரி.

பாலமேடு பக்கம் இருந்து ஒரு மாப்ள: இன்னும் ஒரே ஒரு ஆள் வெளியேறுனா மிச்ச எல்லாருக்கும் பரிசுங்கிற நேரத்துல எல்லாரும் பம்முறாங்க. அப்பத்தானே பாயணும்?

பாயலாம், ஆனா எது மேலன்னு பாத்துப் பாயணும். வாடிவாசல்ல நிக்கிற நல்ல வீரன் வர்ற எல்லாக் காளை மேலயுமா விழுறான்? நடுத்தரமா சில்லு வச்சிருக்கவங்கதான் அந்த நேரத்துல ரொம்பப் பயப்படுவாங்க, ரெய்ஸ் போட்டு மடிக்க வச்சு அவங்க பிளைண்டைத் திருடு. உன்னைவிடப் பெரிய குவியல் வச்சிருக்கவரோட மட்டும் வம்பு வேணாம், அவரு உன்னை வீட்டுக்கு அனுப்ப முடியும். 2 பிளைண்டோட தவிக்கிறவரையும் சும்மா விடு. அவருக்கு மடிக்க வழியே இல்ல.

அனுப்பானடி: கடைசி மூணு பேர், மூணு பேருக்கும் ஒரே அளவு சில்லு. எனக்கு ஒன்பது ஜோடி. எதிராளி ஆல்-இன் சொல்லிட்டாரு. அவருகிட்ட ஏஸ்-கிங்னு எனக்கு நல்லாத் தெரியும். 55 சதவீதம் நான்தான் முன்னாடி. போட்டேன், தோத்தேன். சரியா தப்பா?

இதுக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். கையில இருக்க சில்லு பரிசுல எவ்வளவு பெறும்னு பாக்குற இந்தக் கணக்குக்குப் பேரு ஐசிஎம். பரிசை ஜிகர்தண்டாவா வச்சுக்குவோம்: மொத்தம் 100 டம்ளர், முதல் ஆளுக்கு 50, ரெண்டாவது ஆளுக்கு 30, மூணாவது ஆளுக்கு 20. மூணு பேரும் சமம்னா உன் பங்கு இப்ப 33.3 டம்ளர்.

தோத்தா 20-ஓட எந்திரிச்சுப் போகணும், 13.3 போச்சு. ஜெயிச்சா மொத்தச் சில்லுல மூணுல ரெண்டு பங்கு உனக்கு. அதுக்காகப் பரிசும் மூணுல ரெண்டு பங்கா? இல்ல. மூணுல ரெண்டு தடவை நீ முதல், ஒரு தடவை ரெண்டாவது. கணக்குப் போட்டா 43.3 டம்ளர். சில்லு ரெட்டிப்பாச்சு, ஜிகர்தண்டா பத்துதான் கூடுச்சு!

பத்து கிடைக்க 13.3-ஐப் பணயம் வைக்கிறப்ப, உனக்கு 57 சதவீதத்துக்கு மேல வாய்ப்பு இருந்தாத்தான் லாபம். 55 பத்தாது. மடிச்சிருக்கணும். இதுல கூத்து என்னன்னா, சும்மா உக்காந்து வேடிக்கை பாத்த மூணாவது ஆளோட பங்கு, நீங்க ரெண்டு பேரும் மோதுனதாலயே 33.3-லருந்து 36.7-க்கு ஏறிடுச்சு. அன்னைக்கு அந்த மூணாவது ஆளு நான்தான், ஞாபகம் இருக்கா?

வாடிப்பட்டி: பிக் பிளைண்ட்ல இருக்கும்போது எதை வச்சுக் கால் பண்றது?

பட்டன்ல இருந்து ஒருத்தர் ரெண்டு பிளைண்டுக்கு ரெய்ஸ் போட்டு மத்தவங்க மடிச்சிட்டா, நடுவுல 4.5 கிடக்கு. நீங்க போட வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அதையும் சேத்தா மொத்தம் 5.5. 18 சதவீதம் இருந்தாப் போதும். நம்மாளுங்க இந்த எடத்துலதான் தேவையில்லாம மடிக்கிறாங்க.

உசிலம்பட்டி: 86 டாலர்ல உலக சாம்பியன் ஆன ஆளு கதை நிஜமா?

நிஜம். 2003-ல கிறிஸ் மணிமேக்கர்னு ஒரு அமெரிக்கக் கணக்காளர், ஆன்லைன்ல 86 டாலர் தகுதிச் சுற்று ஆடி உள்ள வந்தாரு. 839 பேர்ல முதலா வந்து 25 லட்சம் டாலர் ஜெயிச்சாரு. மிச்ச 838 பேர் கதையை யாரும் கேக்குறதில்ல, நீயும் கேக்கல.

அதே நபர்: அப்ப நாமளும் ஆன்லைன்ல காசு கட்டி ஆடலாமா?

கூடாது. 2025 ஆகஸ்ட்ல ஒன்றிய அரசு சட்டம் கொண்டுவந்து, காசு கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டு எல்லாத்தையும் தடை பண்ணிருச்சு. திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம்ங்கிற பாகுபாடெல்லாம் அதுல கிடையாது. அந்தத் தளங்களும் காசு ஆட்டத்தை நிறுத்திட்டாங்க. "இன்னும் ஆடலாம்"னு டெலிகிராம்ல எவனாவது லிங்க் அனுப்புனா அந்தப் பக்கமே போகாத. பழகணும்னா இலவசச் சில்லுல பழகு. ஆனா அதுல யாருக்கும் இழக்க ஒண்ணுமில்ல, எல்லாத்துக்கும் கால் பண்ணுவாங்க, ஏமாத்திப் பாக்க முடியாது. நம்ம மாடியில குக்கர்னு ஒண்ணு இருக்கவும்தான் ஆளுங்க மடிக்கவாவது செய்றாங்க.

பேர் சொல்ல விரும்பாத ஒருத்தர்: நீங்க எத்தனை குக்கர் ஜெயிச்சிருக்கீங்க?

ஒண்ணு. அதுலயும் விசில் வரல. மத்தபடி டிபன் கேரியர் மூணு. அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு வந்திருங்க, மேசை தூக்க ஆள் வேணும்.