மஞ்சள் தடவிய பத்திரிகை

கேள்வி: காலையில் பத்திரிகையைப் பிரித்தால் கொலை, கொள்ளை, விபத்து, ஊழல்! நாட்டில் நல்லதே நடக்கவில்லையா? நல்ல செய்தியை மட்டும் போடும் பத்திரிகை ஒன்று இருந்தால் என்ன?
- பெயர் வேண்டாம், டோம்பிவிலி

பதில்: இருக்கிறதே! ஆவணி பிறந்தால் என் மேசைக்கு வாரம் நாலு வருகிறது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே பிள்ளையார் போட்டு, ‘நிகழும் மங்களகரமான’ என்று ஆரம்பிக்கும். கொலை கிடையாது. மண்டப வாடகையைச் சேர்க்காவிட்டால் கொள்ளையும் கிடையாது. அச்சகத்தின் பெயர் வரை எல்லாமே நல்ல செய்தி.

அதை நம் ஆட்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? போன தை மாதம் தாராவியிலிருந்து ஒரு தம்பதி, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க எங்கள் மாட்டுங்கா பில்டிங்குக்கு வந்தார்கள். இரண்டாவது மாடிப் பெரியவர் அவர்களுக்குத் தாய்மாமன். தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம், எல்லாம் முறைப்படி. பெரியவர் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். பெண் பெயரைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று பார்க்கவில்லை. விரல் நேராக ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் நிற்கும் பெயர்ப் பட்டாளத்துக்குப் போயிற்று. மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். “என் பேர் இருக்கு. தம்பி பேருக்குக் கீழே இருக்கு” என்றார்.

“மாமா, பிரஸ்காரன் மாத்திப் போட்டுட்டான்.” (பழி வழக்கம்போல எங்கள் ஜாதி மேல்.)

அந்தப் பெண் கல்யாணமாகி ஐரோலியில் குடித்தனமும் வைத்துவிட்டாள். அண்ணனைத் தம்பிக்குக் கீழே போட்டதுதான் எங்கள் பில்டிங்கில் இன்னும் தலைப்புச் செய்தி. முழுக்க முழுக்க மங்களமாக அச்சடித்துக் கொடுத்தாலும் வாசகர் அதில் ஒரு குறையைத் தேடி எடுத்துக்கொண்டுதான் காபி குடிப்பார்.

மஞ்சள் என்றதும் இன்னொன்று. அமெரிக்காவில் 1890களில் பத்திரிகை முதலாளிகளான புலிட்சருக்கும் ஹெர்ஸ்டுக்கும் போட்டி. மஞ்சள் அங்கி போட்ட ஒரு கார்ட்டூன் பையனுக்காக இருவரும் அடித்துக்கொண்டதில் பிறந்த வசவுதான் மஞ்சள் பத்திரிகை. நமக்கு மஞ்சள் என்றால் தாலிக்கயிறு. அந்த வசவை நிறம்கூட மாற்றாமல் அப்படியே இறக்குமதி செய்தோம். கறுப்பு என்றாவது மாற்றலாமே என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கறுப்புச் சட்டைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்கிறார் உதவி ஆசிரியர்.

சரி, உங்கள் கேள்வி. கெட்டது மட்டும்தான் வருகிறது என்கிறீர்கள். கெட்டதும் வருவதில்லை ஐயா, அதுதான் என் புகார். நீங்கள் தொங்கிக்கொண்டு போகும் மும்பை லோக்கல் ரயில் தடங்களில் 2023இல் இறந்தவர்கள் 2,590 பேர். அடுத்த வருஷம் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வந்த கணக்கு இது. வகுத்துப் பாருங்கள், நாளைக்கு ஏழு. இன்று காலைப் பத்திரிகையில் அந்த ஏழு எந்தப் பக்கத்தில் இருந்தது? 2025 ஜூன் 9 அன்று, உங்களுக்கு மூன்றாவது ஸ்டேஷனான மும்ப்ராவில், வளைவில் எதிரெதிரே போன இரண்டு ரயில்களின் வாசலில் தொங்கியவர்கள் உரசி விழுந்தார்கள். அன்றைக்குத்தான் அது முதல் பக்கம். இனி வரும் ரயில்களுக்குத் தானாக மூடும் கதவு என்று அன்றே அறிவிப்பும் வந்தது. தினம் ஏழு பேர் செத்தபோது அந்த அறிவிப்பு வரவில்லை.

நல்லதற்கும் இதே கதிதான். நம் நாட்டில் கடைசியாக ஒரு குழந்தைக்குப் போலியோ வந்தது 2011 ஜனவரியில். அதற்கப்புறம் ஒவ்வொரு நாள் காலையும் ‘நேற்றும் யாருக்கும் வரவில்லை’ என்று நாங்கள் போட்டிருக்கலாம். மூன்று வருஷம் கழித்து, 2014 மார்ச்சில் சான்றிதழ் கைக்கு வந்த அன்றுதான் போட்டோம். ஒன்று வராமல் இருப்பதை எந்த நிருபர் போய்ப் பார்த்து எழுதுவார்?

நார்வே நாட்டு ஆய்வாளர்களான கால்டுங்கும் ரூகேயும் காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகள் தங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் எப்படி வந்தன என்று அலசி, எது செய்தியாகிறது என்பதற்கு 1965இல் பன்னிரண்டு காரணம் எழுதினார்கள். நீங்கள் திட்டும் ‘கெட்டது’ அதில் பன்னிரண்டாவது. முதலில் நிற்பது கால அளவு. ஒரு பிள்ளையை ஆளாக்க இருபது வருஷம், அவன் மேல் லாரி ஏற ஒரு நொடி. தினப் பத்திரிகைக்குத் தோதானது எது, சொல்லுங்கள். எச்சரிப்பதற்காக எழுதியதைப் பத்திரிகைக்காரர்கள் சமையல் குறிப்பாக எடுத்துக்கொண்டார்களே என்பதுதான் பின்னாளில் கால்டுங்கின் வருத்தம்.

எங்கள் மேல் தப்பே இல்லை என்று சொல்லவரவில்லை. ‘ரயிலில் அடிபட்டு வாலிபர் பலி’ என்று போடுகிறோமே, யாருக்குக் கொடுத்த பலி? தண்டவாளம் என்ன காளி கோவிலா? நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் செய்தி ஆசிரியரிடம் இதைக் கேட்டேன். “ஒற்றைப் பத்தித் தலைப்பில் ‘உயிரிழந்தார்’ எப்படிய்யா அடங்கும்? பலி ரெண்டே எழுத்து” என்றார். பதில் சொல்லத் தெரியாமல் சீட்டுக்குத் திரும்பிவிட்டேன். இருபத்தாறு வருஷம் கழித்து, போன வாரம் குர்லாவில் ஸ்லோ ரயிலுக்குக் காத்திருக்கும்போது பதில் கிடைத்தது. சாவும் ரெண்டெழுத்துதான் சார்!

பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப நல்லது, யாருக்குக் கீழே போடுவது என்ற தொல்லை எனக்கு மிச்சம்.