48,000 கிலோமீட்டர்தானே ஓடிருக்கு சார்?

வண்டி கேள்வி – வாசகர் பதில்

போன தடவை டீசல் பத்தி எழுதினேன், ஆனா வந்த கேள்வில பாதி சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின் (பொகையோட வேகத்துல சுத்தி காத்தை உள்ள தள்ற விசிறி வெச்சது) பத்தித்தான் இருக்கு. சரி, இந்த தடவை முழுக்க அதுவே.

கேள்வி: சார், 2014 ஃபோர்டு எகோஸ்போர்ட், 1.0 எகோபூஸ்ட் டர்போ பெட்ரோல், செகண்ட் ஹேண்ட்ல வந்திருக்கு. ஒரே ஓனர், அடையாறு பக்கம், ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். கோயிலுக்கும் காய்கறி வாங்கவும்தான் எடுப்பாராம், 48,000 கிலோமீட்டர்தான் ஓடிருக்கு. ஓட்டிப் பாத்தேன், பிக்கப் அள்ளுது. மூணு சிலிண்டர் வண்டி வேணாம்னு ஃப்ரெண்டு பயமுறுத்தறான். வாங்கலாமா? – வாசகர், மடிப்பாக்கம்

பதில்: உங்க ஃப்ரெண்டு பயப்படறது நியாயம்தான், ஆனா பயப்பட வேண்டிய எடம் வேற. மூணு சிலிண்டர்ல ஒண்ணும் இல்ல.

அந்த எஞ்சின் நெஜமாவே நல்ல வேலைப்பாடு சார். 999 சிசி, டைரக்ட் இன்ஜெக்ஷன் (பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ளயே அடிக்கறது), டர்போ, நம்ம ஊர் வண்டில 125 பிஎஸ், 170 என்எம். பிளாக்கை தூக்கி ஒரு ஏ4 பேப்பர் மேல வெச்சா அடங்கிடும், அவ்ளோதான் சைஸ். 2012, 13, 14னு மூணு வருஷம் தொடர்ச்சியா உலக அளவுல இன்டர்நேஷனல் எஞ்சின் ஆஃப் த இயர் பட்டம் வாங்கினது. மூணு சிலிண்டர்னா உதறும் இல்லயா, அதுக்கு தனியா பேலன்ஸ் ஷாஃப்ட் போடாம ஃப்ளைவீலையும் முன்னாடி இருக்கற புல்லியையும் வேணும்னே எடை ஏத்தக்கொறச்சலா செஞ்சு உதறலை சரிக்கட்டிருக்காங்க. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (பொகை வெளிய போற குழாய்) தனியா கெடையாது, சிலிண்டர் ஹெட்டோட சேத்தே வார்த்தது, அதனால டர்போவுக்கு போறதுக்கு முன்னாடியே கூலன்ட் அந்த பொகையை கொஞ்சம் ஆத்திடுது. பிளாக் கேஸ்ட் அயர்ன், சீக்கிரம் சூடாகும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த எஞ்சின்ல டைமிங் பெல்ட் (வால்வும் பிஸ்டனும் நேரம் தப்பாம ஓட வைக்கற பெல்ட்) ஆயிலுக்குள்ளயே ஓடுது. ரப்பர் பெல்ட், எஞ்சின் ஆயில்ல நனைஞ்சுக்கிட்டே. ஆயில் பம்பை சுத்தறதுக்கு இன்னொரு பெல்ட், அதுவும் ஆயில்லதான். உராய்வு கம்மி, சத்தம் கம்மின்னு நெனச்சு வெச்சது. கம்பெனி சொன்ன கணக்கு 10 வருஷம் இல்லன்னா 2,40,000 கிலோமீட்டர், எது முன்னாடி வருதோ அது. எல்லாரும் ரெண்டாவது நம்பரை பாத்துட்டு சந்தோஷப்படறாங்க, நீங்களும்தான். 2014 வண்டிக்கு அந்த 10 வருஷம் எப்பவோ முடிஞ்சு போச்சு சார், மீட்டர் என்ன காட்டினாலும்.

அதுலயும் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போன வண்டின்னா எனக்கு இன்னும் கொஞ்சம் வயித்த கலக்குது. ஏன்னா ரெண்டு கிலோமீட்டர் ஓடி ஆஃப் பண்ற வண்டில ஆயில் முழுசா சூடாகவே ஆகாது, எஞ்சின் குளுந்து இருக்கும்போது பெட்ரோல் கூடுதலா அடிக்கும், டைரக்ட் இன்ஜெக்ஷன்ல அது சிலிண்டர் சுவத்துல பட்டு வழிஞ்சு ரிங் தாண்டி கீழ ஆயில்ல எறங்கும், லாங் ட்ரைவ் போனா அந்த பெட்ரோல் ஆவியாகி போயிடும், போகலன்னா அங்கயே தங்கிடும். பெட்ரோல் கலந்த ஆயில்ல ரப்பர் ஊறினா என்ன ஆகும்? ஊறி, மெத்துன்னு ஆகி, பொடிப்பொடியா உதிரும்.

உதிர்ந்த பொடி எங்க போகும்னு ஒரு தடவை கண்ணால பாத்தேன். இதே மாதிரி ஆயில் பெல்ட் வெச்ச ஒரு வண்டி எங்க ஷெட்டுக்கு வந்துச்சு, எந்த கம்பெனின்னு வேணாம். ஐடில்ல ஆயில் லைட் மினுக்கும், ஆக்சிலரேட்டர் குடுத்தா அணைஞ்சிடும். வேற எங்கயோ காட்டி சென்சார் ரெண்டு தடவை மாத்திட்டாராம் ஓனர். சம்ப்பை (எஞ்சின் அடில ஆயில் நிக்கற தட்டு) எறக்கி ஸ்ட்ரெய்னரை (ஆயிலை உறிஞ்சற எடத்துல இருக்கற சல்லடை) பாத்தா, டிகாக்ஷன் எறக்கின ஃபில்டர்ல காபித்தூள் அப்பிக்கிட்டு இருக்குமே, அந்த மாதிரி கறுப்பா அடைச்சிருக்கு. வெரல்ல எடுத்து நசுக்கினா ரப்பர். ஆயில் மேல ஏறவே வழி இல்ல. ஒரு நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தற டர்போவுக்கு ஆயில்தான் உசுரு, அந்த டர்போதான் மொதல்ல போச்சு, அதோட ஷாஃப்டை ரெண்டு வெரல்ல புடிச்சு ஆட்டினா லொடலொடன்னு ஆடுது.

சும்மா பயமுறுத்தறேன்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல வித்த எகோஸ்போர்ட் எல்லாம் நம்ம மறைமலை நகர்ல செஞ்சு கப்பல் ஏறினதுதான். அங்க 2023 டிசம்பர்ல 2018லேருந்து 2022 வரைக்கும் உள்ள எகோஸ்போர்ட், 2016லேருந்து 18 வரைக்கும் உள்ள ஃபோகஸ், ரெண்டும் சேத்து சுமார் 1,40,000 வண்டியை இந்த 1.0 எஞ்சினோட ஆயில் பம்ப் பெல்ட்டை இழுத்து புடிக்கற டென்ஷனர் பிரச்சனைக்காக ரீகால் பண்ணாங்க, அதாவது கம்பெனியே திரும்ப கூப்பிட்டாங்க.

அப்ப வாங்கக் கூடாதான்னா, அப்படி சொல்ல மாட்டேன். இப்படி பண்ணுங்க. காலைல எஞ்சின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி போங்க, டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்க. பெட்ரோல் வாசனை தூக்கலா இருந்தா, இல்ல லெவல் மேக்ஸை தாண்டி நின்னா, ஆயில்ல பெட்ரோல் எறங்கிருக்கு. சர்வீஸ் பில் எல்லாம் கேளுங்க, வருஷா வருஷம் ஆயில் மாத்திருக்காரா, அந்த எஞ்சினுக்கு சொன்ன 5டபிள்யூ-20 ஆயில், அதுவும் ஃபோர்டு ஸ்பெசிஃபிகேஷன் போட்டதுதான் ஊத்திருக்காங்களான்னு பாருங்க, கெடைச்ச ஆயிலை ஊத்தினா பெல்ட்டுக்கு ஆகாது. கூலன்ட் டேங்க், அதுல வர்ற சின்ன ஹோஸ் எல்லாத்தையும் டார்ச் அடிச்சு பாருங்க, வெளிநாட்டுல இந்த எஞ்சின் கூலன்ட் ஒழுகி ஓவர்ஹீட் ஆன புகார் நெறைய வந்துச்சு, கம்பெனியே ஒத்துக்கிட்ட விஷயம். எல்லாம் ஓகேன்னா ரெண்டு பெல்ட்டும் மாத்தி, சம்ப் எறக்கி ஸ்ட்ரெய்னர் கழுவ என்ன ஆகும்னு எஸ்டிமேட் எழுதி வாங்கிக்கிட்டு, அந்த தொகையை வெலைலேருந்து கழிச்சு பேசுங்க. லாக்கிங் டூல் (பெல்ட் மாத்தறப்ப எஞ்சின் நகராம புடிச்சுக்கற கருவி) இல்லாத எடத்துல அந்த வேலைய குடுக்கவே குடுக்காதீங்க. பேங்க் ஆபீசர் கணக்கு புரிஞ்சவரு, எறங்கி வருவாரு.

கேள்வி: வேளச்சேரிலேருந்து சிறுசேரிக்கு தெனம் கார்லதான் போறேன். புது டர்போ பெட்ரோல். சர்வீஸ் புக்ல 10,000 கி.மீ. இல்ல ஒரு வருஷம்னு போட்டிருக்கு. நடுவுல ஆயில் மாத்தணும்னு மெக்கானிக் சொல்றாரு, காசு புடுங்கறாரா? – வாசகி, வேளச்சேரி

பதில்: புடுங்கலம்மா. ஒரு கணக்கு போட்டு பாருங்க. போக வர 44 கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம், ஓஎம்ஆர்ல மெட்ரோ வேலை நடக்கற லட்சணத்துல ரெண்டரை மணி நேரம். வருஷத்துக்கு 220 நாள்னா 9,680 கிலோமீட்டர், 550 மணி நேரம். அதே 550 மணி நேரத்தை பைபாஸ்ல 70ல ஓட்டினா 38,500 கிலோமீட்டர் வரும். எஞ்சினுக்கு ரோடு தெரியாது, எவ்ளோ நேரம் ஓடினோம்னுதான் தெரியும். சிக்னல்ல ஏசி போட்டு நிக்கறப்பவும் ஆயில் வெந்துக்கிட்டுதான் இருக்கு. வாரண்டிக்காக புக்ல சொன்ன சர்வீஸை விடவே விடாதீங்க, அதுக்கு நடுவுல 5,000ல ஆயிலும் ஃபில்டரும் மட்டும் மாத்திடுங்க. டப்பா மேல ஏபிஐ எஸ்பி-ன்னு போட்டிருக்கா பாருங்க, 2020ல வந்த தரம் அது, சின்ன டர்போ எஞ்சினை மனசுல வெச்சு கொண்டுவந்தது. கிரேடு உங்க புக்ல என்ன போட்டிருக்கோ அதேதான்.

கேள்வி: டர்போ வண்டியை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் ஐடில்ல விடணும்னு எங்க மாமா ஒத்தக்கால்ல நிக்கறாரு. தேவையா? – வாசகர், குரோம்பேட்டை

பதில்: மாமா பழைய டீசல் ஆளா இருப்பாரு. ஊருக்குள்ள ஓட்டிட்டு வந்தா தேவையில்ல, உங்க தெருவுல திரும்பி பார்க்கிங் தேடற நேரமே போதும். ஆனா வேலூர்லேருந்து 100ல அமுக்கி வந்து அப்படியே டீக்கடைல நிறுத்தி சாவியை திருப்பாதீங்க. டர்போ செம சூட்டுல இருக்கும், ஆயில் ஓட்டம் நின்னா உள்ள நிக்கற ஆயில் கருகி கரியாயிடும். கடைசி ஒரு கிலோமீட்டர் மெதுவா வாங்க, இல்ல அரை நிமிஷம் விடுங்க. சில வண்டில ஆஃப் பண்ண அப்புறமும் கூலன்ட்டை சுத்த தனி மோட்டார் இருக்கும், ஃபேன் சத்தம் கேட்டா பயந்துடாதீங்க.

கேள்வி: நிஸான் மேக்னைட் டர்போ மேனுவல். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் குடுக்கும்னு சொன்னாங்க, எனக்கு 11 தாண்டல. இ20 பெட்ரோல்தான் காரணமா? – வாசகர், பெரம்பூர்

பதில்: கொஞ்சம் அது, மிச்சம் உங்க காலு. எத்தனால்ல பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, அதனால 20 சதவீதம் கலந்தா சுத்த பெட்ரோலை விட ஆறேழு சதவீதம் கொறையும், 20 எறங்கி 11 ஆகாது. அந்த 20 லேப்ல எடுத்தது, பெரம்பூர் சப்வேல எடுத்ததில்ல. இந்த எஞ்சின் 999 சிசிதான், 100 பிஎஸ், 160 என்எம், டர்போ காத்தை தள்ளும்போது அதுக்கேத்த பெட்ரோலும் உள்ள போயே தீரும். ஒவ்வொரு கேப்புக்கும் அமுக்கினா பெரிய எஞ்சின் மாதிரிதான் குடிக்கும். ஒரு ஆறுதல், உங்களுது ஒரகடத்துல தயாராகற வண்டி, பெட்ரோலை வால்வுக்கு முன்னாடியே அடிக்கற டைப், அதனால டைரக்ட் இன்ஜெக்ஷன் மாதிரி இன்டேக் வால்வுல கரி புடிக்கற தொல்லை கம்மி.

அப்புறம் மைலேஜ் ஆசைல நாப்பதுலயே அஞ்சாவது கியர் போட்டுட்டு ஃப்ளைஓவர் ஏறறப்ப ஆக்சிலரேட்டரை தரையோட அழுத்தறீங்களா? ஆர்பிஎம் கீழ கெடக்கும்போது டர்போ முழு பிரஷர் குடுத்தா ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே உள்ள பத்திக்கும், கடகடன்னு ஒரு சத்தம் வரும், பிஸ்டனே ஒடையலாம். மூணாவதுக்கு எறக்குங்க, அப்புறம் அமுக்குங்க.